கடைசி வீட்டுக் குழாய்

பிரிஞ்சாங் மலையூரிலிருந்து தேயிலைக் காட்டுக்கு ஏறும் பாதையில் புனிதனின் கை படாத குழாய் இல்லை. ஓட்டலில் வெந்நீர் வரவில்லையா, கியா பார்மில் கடைக்குப் பின்னால் குழாய் வெடித்துவிட்டதா, உடனே அவருக்குத்தான் அழைப்பு. சோற்றில் கை வைத்திருப்பார், கைப்பேசி அலறும்.

"அண்ணே, டாய்லெட் அடச்சு சும்பாட் ஆயிடுச்சு! தண்ணி மேல ஏறி வருது!"

புனிதன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். மனைவி உமாதேவி தட்டை மூடி வைப்பாள்.

அவருடைய பழைய வெள்ளை வேனில் குடும்பத்துக்கு இடம் கிடைப்பதே கஷ்டம். கோயிலுக்குப் போனாலும் மடியில் குழாய்த் துண்டுகளை ஏந்திக்கொண்டுதான் உமாதேவி உட்கார வேண்டும். மகள் குமுதா கல்யாணப் பட்டோடு மண்டபத்துக்குப் போனதும் அந்த வேனில்தான். இறங்கும்போது முந்தானையில் குழாய் சுற்றும் வெள்ளை டேப் நீளமாகத் தொங்கியது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. ஊரெல்லாம் ஹீட்டர் மாட்டிவிட்ட மனிதர் வீட்டில், வாங்கிய ஹீட்டர் பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. குமுதா பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அப்போதும் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

இன்று பேத்தியைத் தொட்டிலில் போடும் நாள். ஈப்போவிலிருந்து சம்பந்தி வீட்டார் வரவேண்டும். விடியும்போதே மழை. அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது.

அவர்கள் குடியிருக்கும், வரிசையாகக் கட்டிய தோட்டத்து லைன் வீடுகளுக்குத் தண்ணீர் மேலே காட்டு ஓடையிலிருந்து வருகிறது. ஓடையோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி. அங்கிருந்து கறுப்புக் குழாய் தேயிலைச் சரிவில் பாம்புபோல வளைந்து இறங்கும். லைனில் கடைசி வீடு, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உமாதேவிக்குக் கொடுத்த வீடு.

"மழையில இலை வந்து அடைச்சிருக்கும். ஏறிப் பார்த்துட்டு வந்துர்றேன்" என்று புனிதன் மழைக்கோட்டை மாட்டினார்.

உமாதேவிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஊருக்கெல்லாம் சுடுதண்ணி! பச்ச ஒடம்புக்காரி என் மக, இந்தக் குளிருல அடுப்புத் தண்ணிக்குக் காத்துக் கெடக்குறா. இன்னிக்கு அந்தப் பச்சத் தண்ணியும் இல்ல. சம்பந்தியம்மா வந்து என்ன கேப்பாங்க? நீங்கல்லாம் ஒரு பிளம்பரான்னு கேப்பாங்க!"

"நாளைக்கு மாட்டிர்றேன்லா, உமா."

"உங்க நாளைக்கு இந்த ஜென்மத்துல வராது!"

அவர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "இது தொறந்தே இருக்கட்டும். நம்ம வீடுதான் கடைசி. குழாயில இருக்குற காத்தெல்லாம் இங்கதான் வந்து அடையும். அது வெளிய போனாத்தான் பின்னாலயே தண்ணி வரும்."

வருஷக்கணக்காகச் சொல்கிற பாடம்தான். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மேலே ஓடையருகே கைப்பேசி வேலை செய்யாது. வேலை முடிந்ததும் வால்வை மூன்று முறை மூடித் திறப்பார். கீழே தண்ணீர் மூன்று முறை தயங்கித் தயங்கி வரும். 'முடிந்தது, நான் நன்றாயிருக்கிறேன், இறங்கி வருகிறேன்' என்று அதற்குப் பொருள்.

வேன் கிளம்பிய சத்தம் தேய்ந்தது. உமாதேவி அப்போதுதான் சமையலறைத் தரையைத் துடைத்துக் கோலம் போட்டிருந்தாள். திறந்த குழாயைப் பார்த்தாள். திடீரென்று தண்ணீர் வந்து கோலமெல்லாம் நனைந்தால்? அதைவிட, 'இவர் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்?' என்ற வீம்பு. வெடுக்கென்று திருகி மூடினாள். மூடியதை மறந்தும் போனாள்.

மழை வலுத்தது. மருமகன் மகேன் முழுக்க நனைந்து ஓடி வந்தான்.

"அத்த, மேல் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு. மாமாவோட வேன் இந்தப் பக்கம் நிக்குது. ஆளக் காணோம்."

உமாதேவியின் கையிலிருந்த குங்குமச் சிமிழ் நழுவியது. சிவப்பு, கோலத்தின் மேல் சிதறியது. ஐயோ, காலையில் கடைசியாக அவரிடம் பேசிய பேச்சு என்ன பேச்சு!

பக்கத்து வீட்டு வேலாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டுலயும் ஒரு சொட்டு இல்லடி. தண்ணி வந்தாலாச்சும் மனுசன் மேல பத்திரமா இருக்காருன்னு தெரியும்."

"அப்பா எப்பவோ போனாரு. இந்நேரம் வந்திருக்கணுமே" என்று குமுதா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "நம்ம குழாயில பாத்தியாம்மா?"

குழாய்!

உமாதேவிக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. பதறி ஓடினாள். திருகு வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தாள்.

முதலில் தண்ணீர் வரவில்லை. மூச்சு வந்தது. 'ஹ்ஹா' என்று நீளமான, குளிர்ந்த மூச்சு. பாசியின் வாசனை, நனைந்த வேரின் வாசனை. அவள் ஒருநாளும் ஏறிப் பார்த்திராத அந்தக் காடே குழாய் வழியாக வந்து அவள் முகத்தில் சுவாசித்தது. பின்னால் சுவருக்குள் ஏதோ இருமியது, கனைத்தது, குழாய் அதிர்ந்தது. பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது. அதில் ஒரு சிறு இலை. பிறகு தண்ணீர் தெளிந்தது.

எல்லோரும் குழாயைச் சுற்றி நெருங்கினார்கள். குமுதாவும் அழுகையை நிறுத்திவிட்டு வந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்தது. பொங்கி வந்தது. மறுபடி மெலிந்தது. மறுபடி பொங்கியது. இன்னொரு முறை. அப்புறம் நிற்காமல் ஓடியது.

"அவருதான்!" என்று கத்தினாள் உமாதேவி. கையைத் தண்ணீருக்கடியில் நீட்டினாள். இந்தத் தண்ணீரை எத்தனை வருஷமாகக் குடித்திருக்கிறாள், சமைத்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள்! மலை உச்சியில் ஒருவர் கையை அசைத்தால் இங்கே அவள் உள்ளங்கையில் அது துடிக்கிறது. கடவுளே, இது என்ன அதிசயம்! சந்நிதியில் தீர்த்தம் வாங்குவது போல ஒரு கை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டாள். கண்ணீர் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

மகேனும் லைன் ஆட்களும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுற்றிப் போய் அவரைக் கூட்டி வந்தார்கள். உதடு நீலம் பூத்திருந்தது. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. வாசலிலேயே நின்று சிரித்தார்.

"இவ்வளவு நேரம் அங்க என்ன செஞ்சீங்க?" என்றாள் உமாதேவி.

"அடைப்ப அப்பவே எடுத்துட்டேன். ஆனா தொட்டியில தண்ணி அசையல. வர்றது எல்லாம் மேலால வழியுது. காத்து வெளிய போகல, கீழ நம்ம வீட்டுக் குழாய் மூடியிருக்குன்னு தெரிஞ்சிச்சு."

அவள் தலை கவிழ்ந்தது. "தெரிஞ்சா எறங்கி வர வேண்டியதுதானே, அந்த மழையில நின்னுக்கிட்டு!"

"சிக்னல் குடுக்காம எறங்கினா நீ பயந்துருவல்ல? அதான் தொட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டே நின்னேன். கோவம் எறங்குனா தொறப்பன்னு தெரியும்லா. தண்ணி லேசா என் கைய இழுத்துச்சு பாரு... அப்பத்தான் உசிரே வந்துச்சு."

உமாதேவி பேத்தியைக் குளிப்பாட்ட அடுப்பில் வைத்திருந்த வெந்நீரைத் தூக்கி வந்து வாளியில் ஊற்றினாள்.

"அம்மா, அது பாப்பாவுக்கு" என்றாள் குமுதா.

"பாப்பாவுக்கு வேற வெக்கலாம். அதான் தண்ணி வருதே."

அவரை முக்காலியில் உட்காரவைத்து, கால்களை வெந்நீரில் இறக்கினாள். வெடித்துப்போன பாதங்கள். குனிந்து அட்டை கடித்த இடத்தை விரலால் தடவினாள். சம்பந்தி வீட்டாரின் வண்டி கீழே ஹாரன் அடித்தது. அதே நேரம் புனிதனின் கைப்பேசியும் அலறியது. அவர் எழப் போனார்.

உமாதேவி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, கைப்பேசியைத் தானே எடுத்தாள்.

"அண்ணன் இன்னிக்கு வர மாட்டாரு. நாளைக்கும் முடியாது. எங்க வீட்டுல ஹீட்டர் மாட்டுற வேல இருக்கு."