பன்மொழி விழாவில் கூப்பிட்ட பெயர்

சாயங்காலம் சாப்பிடும்போது அஞ்சனா நடுவில் ஒருமுறை கையை நிறுத்துவாள். பிசைந்த சோறு விரலிலேயே இருக்கும். தலை வாசல் பக்கம் சாயும். தெருவில் பாத்திரக்காரன் கூவினாலும் சரி, கோயில் ஒலிபெருக்கி கரகரத்தாலும் சரி, பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டாலும் சரி, தன் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை வாய்க்குப் போகும். எட்டு வருஷமாக இப்படித்தான். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அவள் மாகறல் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். எட்டாவதோடு படிப்பு நின்றது. காஞ்சிபுரத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த பார்சுவநாதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மண்டியும் வீடும் ஒரே கட்டடம். பின்கட்டில் இருபது பெண்கள் உட்கார்ந்து கடலை உடைப்பார்கள். உடைக்கிற பருப்பை அவர்கள் தின்றுவிடக் கூடாது என்பதற்காக, வேலை முடியும் வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மண்டியின் சட்டம். பாட்டு நின்றால் மேஸ்திரி எட்டிப் பார்ப்பார். சமையலறை ஜன்னல் வழியாகப் பத்து வருஷம் அதைக் கேட்ட அஞ்சனாவுக்கு, எந்த அடியில் பாட்டு இடறுகிறது, எவள் கன்னத்துக்குள் பருப்பு ஒதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. அதைத்தான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கதையாக எழுதினாள்.

"எதைப் பாத்து எழுதுன?" என்று கேட்டாள் மூத்த ஓரகத்தி மனோன்மணி. வீட்டில் எல்லோருடைய கேள்வியும் அதுதான். எட்டாவது படித்தவளுக்குச் சொந்தமாக எழுத வரும் என்று யாரும் நம்பவில்லை.

மண்டிக்குக் காலண்டர் அச்சடித்துக் கொடுக்கும் சீனிவாசன் ஒருநாள் அந்தத் தாள்களைப் படித்தார். சின்ன காஞ்சிபுரம் தேரடியில் அவருக்கு அச்சகம். பதினோரு கதைகளைப் புத்தகமாகப் போடுகிறேன் என்றார்.

"உங்க போட்டோ ஒண்ணு குடும்மா. பின்னட்டைல போடறேன்."

"ஐயோ, வேணாங்கண்ணா. வெறும் அஞ்சனான்னு போடுங்க, போதும்."

வெட்கத்தில் சொன்னது. இனிஷியல்கூட வேண்டாம் என்றுவிட்டாள்.

சென்னையில் நடக்கவிருந்த உலகப் பன்மொழி இலக்கிய விழாவுக்குப் புத்தகத்தை அனுப்பியவரும் சீனிவாசன்தான். பதினேழு மொழிகள், மொழிக்கு ஒரு பரிசு. 1971 பொங்கல் முடிந்த வாரம் அச்சக விலாசத்துக்குக் கடிதம் வந்தது. தமிழில் அஞ்சனாவுக்குப் பரிசு. மனோன்மணி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெஜமாவே நீதான் எழுதினியா?"

"மேடையில என் பேரைக் கூப்புடுவாங்க. அப்ப வந்து பாருங்கக்கா." அஞ்சனா வாழ்நாளில் ஜம்பமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மனோன்மணி வரவில்லை. அஞ்சனாவின் கணவரும் சீனிவாசனும்தான் கூட வந்தார்கள். மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய விழா நாலரைக்குத்தான் தொடங்கியது. பேச்சுக்கு மேல் பேச்சு. பரிசு கொடுக்க ஆரம்பிக்கும்போது மணி ஐந்தரை. பார்சுவநாதன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சமண வழக்கப்படி அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் கிளம்பிய அவசரத்தில் இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"எழுந்திரு, வெளிச்சம் போவுது."

அஞ்சனா வாசலில் நின்ற தொண்டனிடம் போய்த் தமிழ் எப்போது வரும் என்று கேட்டாள். அவன் பட்டியலைக் காட்டினான். விருந்தாளிகளுக்கு முதல் மரியாதை. நம் ஊர் மொழி கடைசி, பதினேழாவது. "நிதானமா சாப்ட்டு வாங்கம்மா, ஒரு மணி நேரம் ஆவும்."

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். தூக்குச்சட்டியில் எலுமிச்சை சாதமும் வாழைக்காய்ப் பொரியலும் இருந்தன. நாலாவது வாய் வைக்கும்போது ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது. கையை நிறுத்தினாள். பெயரை இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது. தலைமை விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அவர் கையால் கொடுக்கட்டும் என்று தமிழை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். எச்சில் கையோடு அவள் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடி வந்தபோது மேடையில் சீனிவாசன் பொன்னாடையோடு நின்றிருந்தார். கையில் வெள்ளிக் கேடயம்.

"கூப்புட்டுக்கினே இருந்தாங்கம்மா. யாரும் போவலேன்னா தமிழுக்கு அசிங்கம் இல்லியா? அதான் போயி வாங்கினேன்," என்றார் கீழே வந்து. அன்று அது உண்மையாகவே இருந்திருக்கலாம். துடைத்துப் பத்திரமாக வைக்க வேண்டும், அச்சகத்தில் இருக்கட்டும் என்று கேடயத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. 'அஞ்சனா என்ற புனைபெயரில் எழுதிவரும் காஞ்சிபுரம் திரு. சீனிவாசன்' என்று கீழே போட்டிருந்தது. ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது அப்போது சாதாரணம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மனோன்மணி பத்திரிகையை அவள் மடியில் போட்டாள். "அதானே பாத்தேன்!"

அஞ்சனா அச்சகத்துக்குப் போனாள். கேடயம் கண்ணாடி அலமாரிக்குள் ஏறியிருந்தது. மாலை போட்டிருந்தார்கள்.

"பேப்பர்காரன் போட்டதுக்கு நான் என்னாம்மா பண்றது? மறுத்து எழுதினா நமக்குத்தான் கேவலம். அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்."

"எப்பண்ணா அடுத்த பதிப்பு?"

"வரும்மா. அவசரப்பட்டா எப்பிடி?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். பத்திரிகைக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் நம்புவார்கள் என்றாள். அவர் கடலை மூட்டையைத் தைத்துக்கொண்டே பேசினார்.

"நான் இப்பதான் அந்தக் கடலை உடைக்கிற கதையைப் படிச்சேன். அது நம்ம மண்டிதானே?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நீ எழுதினதுன்னு தெரிஞ்சா ஊர் என் மூஞ்சில காறித் துப்பும். அந்தாளு எழுதினதாவே இருக்கட்டும். விடு."

மூன்று வருஷம் கழித்து மகள் விஜயாவின் பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் 'எழுத்தாளர் அஞ்சனா' என்று பலகையில் எழுதியிருந்தது. சீனிவாசன் ஜிப்பா போட்டு வந்திருந்தார். பெண்ணின் மனசுக்குள் இறங்கிப் பார்த்துத்தான் அந்தக் கதையை எழுதினேன் என்றார். பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், பாட்டு பாடும்போதே அந்தம்மா கடலையைத் தின்னுறாங்களே, அது எப்படி முடியும்?"

சீனிவாசன் சிரித்தார். "அது கற்பனைம்மா. கதைன்னா அப்பிடித்தான்."

அது கற்பனை இல்லை. 'ம்' என்று இழுக்கிற இடத்தில் வாய் மூடியிருக்கும், அப்போது மென்றுகொள்ளலாம். அஞ்சனா தன்னைச் சுற்றியிருந்த அம்மாக்களைப் பார்த்தாள். எழுந்து சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு ஜெயம்மாள் முழங்கையால் இடித்தாள். "நம்ம ஊர்க்காரரு, கை தட்டுக்கா!"

அவளும் தட்டினாள்.

இது 1979. புத்தகம் மூன்று பதிப்பு கண்டுவிட்டது. பின்னட்டையில் சீனிவாசனின் படம் இருக்கிறது. கேடயம் தேரடி அச்சகத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மண்டியில் பெண்கள் இன்னமும் பாடிக்கொண்டுதான் கடலை உடைக்கிறார்கள். அஞ்சனா அந்தப் பரிசுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.