சிவப்பு எரிந்தால் ஓட வேண்டும்

மெர்சி, சாமு, உங்கள் நைனா ஜெர்மனிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பனி, கல் மாதிரி ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கடை எல்லாம் பழகிவிட்டது. பழகாதது நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் இந்த ஆபீஸின் மேசை விளக்குதான். படிக்கிற விளக்கு இல்லை. யூஎஸ்பி வயரில் கணினியோடு சொருகிய, எலுமிச்சம்பழம் அளவு உருண்டை. பச்சை எரிந்தால் அந்த ஆளிடம் பேசலாம். சிவப்பு எரிந்தால் பேசக் கூடாது. "அப்புறம் வா" என்று வாயால் சொல்ல முடியாமல், ஆறடி உயர மனிதர்களுக்கு ஒரு பல்பு தேவைப்படுகிறது.

இது தெரியாமல் முதல் வாரமே என் மானம் போனது. நம் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஒவ்வொரு மிஷின் தலையிலும் மூன்று அடுக்கு விளக்கு இருக்கும். மெர்சி, ஆயுத பூஜைக்கு உன்னைக் கூட்டிப் போனபோது விரலை நீட்டி நீட்டிக் கேட்டாயே, அதேதான். பச்சை என்றால் மிஷின் ஓடுகிறது. சிவப்பு என்றால் நின்றுவிட்டது. மஞ்சள் மின்னினால், ஓடுகிறது, ஆனால் ஏதோ தீரப் போகிறது, யாராவது வாங்க என்று அர்த்தம். பதினாலு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தவனுக்குச் சிவப்பைக் கண்டால் மூளைக்கு முன்னால் கால் ஓடும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடியிருக்கிறேன். இங்கே ஹெல்கா மேடம் மேசையில் சிவப்பு எரிந்தது. ஸ்பேனர் பையோடு ஓடினேன். அந்த அம்மா காதில் ஹெட்போன். கூப்பிட்டும் திரும்பவில்லை. சரி, கோளாறு பெரிதுதான் என்று மேசைக்கு அடியில் நுழைந்து பிளக்கை ஆட்டினேன்.

அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அலறினார். "வாட் ஆர் யூ டூயிங்? ஐ ஆம் ரெட்!"

"யெஸ் மேடம், ரெட். தட் ஒய் ஐ கேம்."

"நோ! ரெட், யூ கோ!"

"நோ மேடம். ரெட், ஐ கம். க்ரீன், ஐ கோ."

அவரவர் சட்டப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. கணினிப் பிரிவின் யோனாஸ் வந்துதான் என்னை மேசைக்கு அடியிலிருந்து மீட்டார்.

அதன் பிறகு கவனித்துப் பார்த்தேன். மீட்டிங் நேரம் வந்தால் விளக்கு தானாகச் சிவக்கும்படி புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார்கள். மீட்டிங் ரத்தாகி ஆள் காபி குடிக்கப் போயிருப்பார். காலி நாற்காலிக்குச் சிவப்பு எரியும். அதைத் தாண்டிப் போகிறவர்கள் அடி மேல் அடி வைத்துப் போவார்கள். சர்ச்சில்கூட இவ்வளவு அமைதியைப் பார்த்ததில்லை. ஒருவருடைய பிறந்தநாளுக்கு மூன்று பேர் மெழுகுவத்தி ஏற்றிய கேக்கோடு பச்சை விழட்டும் என்று காத்து நின்றார்கள். மெழுகு உருகிக் கேக்கெல்லாம் வழிந்தது.

நம் ஊர் மட்டும் ஒழுங்கா? அங்கே "பிசி" என்ற வார்த்தையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். "இன்னாபா, பிசியா?" என்று கேட்டுக்கினே நம் மேசை மேல் உட்காருவார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற நாளில் சூப்பர்வைசர் என் காதருகில் வருவார். "தாசு, அந்த செவப்பு பல்ப கழட்டி பாக்கெட்ல போட்டுக்க. வெள்ளக்காரன் போனதும் மாட்டிக்கலாம். பேஜாரு பண்ணாத." மூன்று பல்பைப் பையில் வைத்துக்கொண்டு "எவரிதிங் குட் சார்" என்று நானே சிரித்திருக்கிறேன். அங்கே நின்றுபோனதை மறைத்தோம். இங்கே வேலை செய்வதை விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

போன மாதம் என் மேசைக்கும் ஒன்று வந்தது. அதற்கான மென்பொருள் எங்கள் பழைய கணினியில் ஏறவில்லை. யோனாஸ் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, "டைப் பண்ணு" என்றார். ஐடிஐ படித்த கை. எழுத்தெழுத்தாகத் தேடி "லைட் ரெட்" என்று தட்டினேன். எரிந்தது! "லைட் ஆஃப்". அணைந்தது. பிறகு மின்ன வைக்க, மணி பார்த்து எரிய வைக்க, வரி வரியாக ஃபைலில் எழுதவும் சொல்லித் தந்தார். வரிக்கு முன்னால் ஹேஷ் (#) குறி போட்டால் கணினி அதைப் படிக்காதாம். அது மனிதர்கள் படிக்க.

அந்தப் பெருமையில் ஒரு நாள் மதியம் சிவப்பு போட்டுக்கொண்டு யோனாஸிடம் என் வித்தையைக் காட்டினேன். போன் அதிர்ந்தது. மெர்சி, நீதான். துண்டித்தேன். நான்கு முறை கூப்பிட்டாய், நான்கு முறையும் துண்டித்தேன். "பிசி" என்று ஒரு வார்த்தை தட்டி அனுப்பினேன். நம் ஊரில் ஒருத்தரும் நம்பாத அந்த வார்த்தையை நீ நம்பிவிட்டாய்.

மறுநாள் சாமுதான் சொன்னான். "நைனா, அக்கா சயின்ஸ் எக்ஸிபிஷன்ல பேசறதுக்கு பயந்துகினு இருந்துச்சு. ஒரு தபா உன்கிட்ட சொல்லிப் பாத்துட்டு மேடை ஏறலாம்னு போன் போட்டுச்சு. நீ எடுக்கல. மைக் முன்னாடி நின்னுட்டு, பேசாமலே எறங்கி வந்துடுச்சு."

"அக்காகிட்ட குடுடா."

"வராதாம். நைனா ரெட்டுனா நானும் ரெட்டுன்னு சொல்லுது."

விளக்குக் கதையை முன்பே போனில் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தது நான்தானே. அன்றிலிருந்து பதினொரு நாளாக, போனில் மெர்சியின் புரொஃபைல் படத்தில் முகம் இருந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. மெர்சி, தப்பு என்னுடையது. சிவப்பைக் கண்டால் ஓடுகிறவன் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டேன். உன் சிவப்புக்கு ஓடி வர எனக்கு விசா, விமானம், லீவு மூன்றும் வேண்டும்.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாக உட்கார்ந்து, தினமும் பகல் ஒரு மணிக்கு மஞ்சள் மின்னும்படி எழுதினேன். இந்த ஆபீஸில் மஞ்சளுக்கு அர்த்தமே கிடையாது. நம் கம்பெனியில் உண்டு, யாராவது வாங்க என்று. மேலே ஹேஷ் போட்டுத் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "கும்மிடிப்பூண்டியில் மணி நாலரை. மெர்சி ஸ்கூல் விட்டு வந்திருப்பாள்." ஒரு மணி ஆனது. மஞ்சள் மின்னத் தொடங்கியது. சாப்பிட்டுத் திரும்பிய ஹெல்கா மேடம், பேசலாமா கூடாதா என்று புரியாமல் நின்று பார்த்துவிட்டு, அடி மேல் அடி வைத்துப் போய்விட்டார். நான் போனின் சத்தத்தை முழுசாகக் கூட்டி, விளக்கை ஒட்டி வைத்தேன்.