யாரும் படிக்காத எங்கள் ஏரி அறிக்கை

நம் நிறுவனத்தின் பழவேற்காடு ஏரி அறிக்கையை எந்த அறிஞராவது தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறாரா என்று ஒரு வாரமாக நூலகத்தில் தேடினேன். இயக்குநரின் உத்தரவு.

ஒருவர்கூட இல்லை. அவமானமாக இருந்தது.

இன்று காலை பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் முனுசாமி. போன வருடம் நான் கணக்கெடுத்த குப்பத்து மீனவர்.

"சார், சங்கத்துக்கு அனுப்ன ஒங்க புக்க படிச்சோம். எங்க ஊரு ஏரில தொழிலே பண்றதில்லன்னு எழுதிக்கீறீங்களே, இன்னா சார் இது?"

"நான் வந்தப்போ உங்க படகெல்லாம் கரையிலதானே இருந்தது?"

"அன்னிக்குப் பாடு பக்கத்து ஊருக்கு சார். எங்க மொற மறுநாளு."

அங்கே ஊருக்கு ஊர் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்தப் பாடு முறையைப் பற்றி முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதியவனே நான்தான்!

அதிகாரிகள் என் அறிக்கையை நம்பினால் அந்த ஊருக்கு ஏரியே இல்லாமல் போகும்.

"யாராவது ஆபீசர் வந்து விசாரிச்சாங்களா?"

"யாரும் வர்ல சார். எங்களத் தவிர அத யாரு படிச்சாங்க?"

போன உயிர் திரும்பி வந்தது.

மதியம் திருத்தத்தை டைப்புக்குக் கொடுத்துவிட்டு, இயக்குநரின் படிவத்தில் "மேற்கோள்: எதுவுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

யாரும் படிக்காததால் தப்பித்த அறிக்கை உங்களிடமும் இருக்குமே? இதே நோட்டீஸ் போர்டில், இந்தத் தாளுக்குக் கீழே எழுதுங்கள். பென்சில் போதும். இதையும் யாரும் மேற்கோள் காட்டப் போவதில்லை.