மூன்று நாள் இறக்கக்கூடாத கண்ணாடி

இருநூற்றுப் பதினொன்று. காலையில் வீட்டு வாசலில் வண்டியை எடுத்து, டாக்ஸி ஸ்டாண்டு போய், சவாரிகள் முடித்து, மறுபடி வீடு வந்து சேர்வதற்குள் அவர் கார் ஜன்னல் வழியே கையை நீட்டிப் போடுகிற சலாம்களின் எண்ணிக்கை அது. எண்ணியவள் அவருடைய மகள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். எதையாவது ஒரு நாள் முழுக்க எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் பேருந்துகளையும் காக்கைகளையும் எண்ணப் போனார்கள். இவள் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் கையை எண்ணினாள். முழு மதிப்பெண் வாங்கினாள்.

ஊருக்கே அவர் ‘சலாம்’தான். வயது ஐம்பத்திரண்டு, டாக்ஸியில் இருபத்தாறு வருடம். டயர் கடைக்காரர், சிக்னல் போலீஸ்காரர், பேப்பர் கடை, தையல் கடை, எதிரே வருகிற லாரி, யாராக இருந்தாலும் வலது கை ஜன்னலுக்கு வெளியே போய் நெற்றிக்கு ஏறி இறங்கும். வெயிலில் அந்தக் கை மட்டும் வெந்துபோயிருந்தது. “வலது கை கடுங்காபி, இடது கை பால் காபி” என்பது மனைவியின் கணக்கு. கடுங்காபிக் கையில் இந்த வருடம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. தோல் டாக்டர் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “வெயில்தான். கண்ணாடியை ஏத்திவிட்டு ஓட்டுங்க” என்றார்.

“கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டிட வேண்டியதுதானே?” என்றாள் மனைவி. “என் தம்பி கடை எதுக்கு இருக்கு?”

மனைவியின் தம்பி கார் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவன். அந்த ஃபிலிமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டான். “சூடு பாதியா குறையும் மாமா. ஏசி அலறாது. சீட்டு வெளுக்காது. கண்ணாடி உடைஞ்சாலும் தூள் மேல விழாது, ஃபிலிமே புடிச்சுக்கும். பின்னாடி உக்கார்றவங்க நிம்மதியா தூங்குவாங்க. சட்டத்துல சொன்ன அளவுதான் ஒட்டுவேன், முன் கண்ணாடியைத் தொடவே மாட்டேன். பயப்படாதீங்க.”

மகள் மட்டும் ஒன்று சொன்னாள். “வெளிய இருந்து பார்த்தா நீங்க தெரிய மாட்டீங்கப்பா.”

“அதனால என்ன? எனக்கு அவங்க தெரிவாங்கல்ல?” என்றார் சலாம். அடுத்த மூன்று நாள் அந்தப் பதிலை அவள் அவருக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. மச்சினன் கண்ணாடியில் தண்ணீர் அடித்து, ஃபிலிமை வழுக்கிப் பதித்து, ரப்பர் தகட்டால் இழுத்து, ஒரு குமிழி இல்லாமல் நாலு கதவுக் கண்ணாடியிலும் ஒட்டி முடித்தான். கார் கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. கடைசியில் அவன் மஞ்சள் டேப்பைக் கிழித்து நாலு கதவிலும் ஜன்னல் சுவிட்சின் மேல் குறுக்காக ஒட்டினான்.

“இது எதுக்கு மச்சான்?”

“ஃபிலிம் காயணும். மூணு நாளைக்குக் கண்ணாடியை இறக்கிடாதீங்க. இறக்கினீங்க, சுருட்டிக்கிட்டு வந்துடும்.”

“மூணு நாளா? ஞாயித்துக்கிழமை எலெக்‌ஷன்டா!”

“அதுக்கென்ன மாமா, ஓட்டை ஜன்னல் வழியாவா போடப் போறாங்க?”

அது ஸ்டாண்டின் தேர்தல். ஸ்டாண்டில் நாற்பத்து மூன்று டாக்ஸிகள், நாற்பத்து மூன்று ஓட்டு, வருடத்துக்கு ஒரு செயலாளர். நுழைவாயில் பலகையில் அந்தப் பதவிக்குக் கீழே தன் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. போன வருடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் ‘மீட்டர்’. வாயைத் திறந்தால் ஓடிக்கொண்டே இருப்பார் என்பதால் அந்தப் பெயர். இந்த வருடமும் அவர்தான் எதிரே. அவருக்குப் பேச்சு இருந்தது. இவருக்கு இருந்த ஒரே பிரசாரம் அந்தக் கை. அதைத்தான் மச்சினன் டேப் போட்டு மூடியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை டயர் கடையைக் கடக்கும்போது, இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கை தானாகவே எழுந்தது. டொக்! விரல் முட்டி கண்ணாடியில் மோதிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முன் கண்ணாடி வழியாகவாவது தெரியாதா என்று எட்டிக் குனிந்து கையை ஆட்டினார். பக்கமெல்லாம் கறுத்துப்போனதில் உள்ளே இருட்டு. முன் கண்ணாடியில் வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வானமும் மின்கம்பியும்தான். டயர் கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். “யாரோ பெரிய இடத்து வண்டி போலிருக்கு!” என்று அவர் சொன்னது இவருக்குக் கேட்டது.

சிக்னலில் இன்னும் மோசம். எட்டு வருடமாக இவர் சலாமை வாங்கிக்கொண்டிருக்கிற போலீஸ்காரர் நேரே காரை நோக்கி வந்தார். சலாம் மகிழ்ந்துபோய் நெற்றியில் கை வைத்தார். போலீஸ்காரர் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, மீசையின் இடது முனையை முறுக்கி, வலது முனையை முறுக்கி, பல்லைக் காட்டி நடுவில் ஏதோ சிக்கியிருக்கிறதா என்று ஆராய்ந்து, கடைசியில் தொப்பையை உள்ளே இழுத்துப் பக்கவாட்டில் திரும்பி நின்று தன்னையே ரசித்தார். கை நெற்றியில் வைத்தபடியே சலாம் உறைந்துபோயிருந்தார். பின் இருக்கையில் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ அண்ணே, வண்டியை எடுங்க! சிரிச்சா பல்லு வலிக்குது!” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கை போகட்டும், ஹார்ன் இருக்கிறதே என்று தோன்றியது. தையல் கடைக்கு ஒரு ‘பாம்’, பேப்பர் கடைக்கு இரண்டு ‘பாம்’. பத்து மணிக்குள், “சலாம் இப்பல்லாம் ஹார்ன் அடிச்சு மிரட்டுறாராம்” என்ற செய்தி ஸ்டாண்டுக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. மீட்டர் அதை ஒரு மணி நேரமாக விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்: “ஜெயிக்கறதுக்கு முன்னாடியே கறுப்புக் கண்ணாடி! ஜெயிச்சா சைரன் வெச்சுக்குவாரு, முன்னாடி ரெண்டு ஜீப்பு போகும், நாமெல்லாம் ஓரமா நிக்கணும்...”

சரி, கதவையே திறந்து சலாம் போட்டுவிடலாம் என்று முதல் தடவை கதவைத் திறந்த இடத்தில், ஆறு அட்டை முட்டையைக் கட்டிக்கொண்டு வந்த சைக்கிள்காரர் பாம்பு போல வளைந்து, கைவண்டியைச் சுற்றி, நடைபாதையில் ஏறி இறங்கி நின்றார். ஒரு முட்டைகூட உடையவில்லை.

“யோவ்! சலாம் போட வந்தியா, சமாதி கட்ட வந்தியா?”

மதியம் ஸ்டாண்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின் இருக்கையில் சுருண்டு படுத்தார். ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: உள்ளே ஜில்லென்று இருந்தது. கையில் அரிப்பு இல்லை. காலையில் வந்த வங்கி குமாஸ்தா வாயைத் திறந்துகொண்டு இருபது நிமிடம் தூங்கி, இறங்கும்போது “சொர்க்கம்ங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லோருக்கும் சொர்க்கம், எனக்கு மட்டும் ஜெயில் என்று நினைத்தபடி கண்ணை மூடினார்.

அப்போது காரின் மேல் இரண்டு முதுகுகள் சாய்ந்தன. ஒன்று டயர் கடைக்காரர். இன்னொன்று ஸ்டாண்டின் ஒரே பெண் டிரைவர். நாற்பத்து இரண்டு ஆண்களுக்கும் அவள் ‘அக்கா’, வயதில் மூத்தவர்களுக்கும் சேர்த்து. வண்டி காலி என்று நினைத்து, கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். சலாமின் மூக்குக்கு நேரே அவள் கொண்டை ஊசி.

“இந்தத் தடவை யாருக்குக்கா ஓட்டு?” என்றார் டயர் கடைக்காரர்.

“மீட்டருக்குத்தான்.”

“ஏன், சலாம் நல்ல மனுஷனாச்சே?”

“யாரு இல்லைன்னா? ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் கை காட்டுவாரு. ஒருத்தர்கிட்டயாவது நின்னு என்ன ஏதுன்னு கேட்டிருக்காரா? போன வருஷம் அவர் ஜன்னல்ல குனிஞ்சு சொன்னேன். ‘அண்ணே, நம்ம ஸ்டாண்டு பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. உங்களுக்கெல்லாம் பரவால்ல, எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காலைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு, உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு சத்தமா பாட்டு வேற பாட வேண்டியிருக்கு’ன்னேன். ‘ஓகேம்மா!’ன்னு ஒரு சலாம். வண்டி போயிடுச்சு.”

“மீட்டர் மட்டும் போட்டுக் குடுத்தாரா?”

“எங்க! அரை மணி நேரம் தாழ்ப்பாளைப் பத்திப் பேசினாரு, ஒண்ணும் செய்யல. ஆனா நின்னு பேசினாருல்ல? சலாம் ஒரு ஓட்டுல தோத்தாரே, அது என் ஓட்டுதான்.”

உள்ளே படுத்திருந்தவர் சட்டென்று எழப் பார்த்தார். கை சுவிட்சுக்குப் போய் மஞ்சள் டேப்பில் நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தார். அவர்கள் போன பிறகும் பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. தாழ்ப்பாள் என்று அவள் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் எதிரே போன லாரிக்குச் சலாம் போட்டதும் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை அவர் வழியெல்லாம் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று இரண்டு தடவை பார்த்து, இறங்கி நடந்தார். டயர் கடைக்காரருக்கு நாலு மாதம் முன்னால் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது அன்றுதான் தெரிந்தது. அந்த நாலு மாதமும் தினமும் சலாம் போட்டிருக்கிறார். தையல்காரருக்குப் பேத்தி பிறந்திருந்தது. பேப்பர் கடைக்காரர் பேச ஆரம்பித்து விடவே இல்லை. மகள் அன்றும் எண்ணினாள்: பத்தொன்பது. “மார்க்கெட் படுத்துடுச்சுப்பா” என்றாள்.

சாயங்காலம் இருட்டத் தொடங்கும் நேரம். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, மறுநாள் ஓட்டுக்கு முன்னால் பேச வேண்டிய இரண்டு நிமிடப் பேச்சை ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார். காகிதத்தில் எழுதியது தெரியவில்லை. தலைக்கு மேலே விளக்கைப் போட்டார். யாரும் பார்க்க முடியாத இடம். கூச்சமே இல்லாமல் புகுந்து விளையாடினார். முதலில் மீட்டர் மாதிரி விரலை ஆட்டி, தாடையை ஆட்டி, தண்ணீர் குடித்து, மறுபடி ஆட்டினார். பிறகு தன்னையே நடித்தார்: யார் சொன்னதும் காதில் விழாத மாதிரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு சலாம், அந்தப் பக்கம் ஒரு சலாம். பிறகு தாழ்ப்பாள் இல்லாத கஷ்டத்தை ஆண்களுக்குப் புரிய வைக்க வேண்டுமே என்று, இருக்கையைப் பின்னால் தள்ளி, வலது காலைத் தூக்கிக் கார்க் கதவில் முட்டுக் கொடுத்து, கழுத்தை நீட்டி, கண்ணை மூடித் தொண்டை கிழியப் பாடினார்.

மச்சினன் அவ்வளவு சொன்னவன் இதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஃபிலிமுக்கு ஒரே குணம்தான்: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பகலில் வெளியே வெளிச்சம், அவர் ஒளிந்திருந்தார். இப்போது வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. டாக்ஸி ஒரு நாடக மேடையாக எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி முப்பது பேர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து.

டொக் டொக். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். சலாம் காலை எடுக்காமல், மூச்சு விடாமல், இல்லாத ஆள் போல இருந்தார்.

“அண்ணே!” என்று வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “கால் தப்பு! நான் முட்டுக் குடுக்கறது இடது காலு!”

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். முப்பது கைகள் ஒரே நேரத்தில் நெற்றிக்கு ஏறி அவருக்குச் சலாம் போட்டன. கண்ணாடியை இறக்க முடியாது. கதவைத் திறந்துதான் வர வேண்டியிருந்தது. காலை முட்டுக் கொடுத்திருந்த அதே கதவு. திறந்ததும் கால் வெளியே சரிய, அவரும் கூடவே சரிந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “நேத்து உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமாம்மா” என்றார் சலாம். “போன வருஷமே கேட்டிருக்கணும்.”

மீட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “நான் அப்படியா தண்ணி குடிக்கிறேன்?” என்றார். “அப்படித்தான்!” என்று முப்பது பேரும் கத்தினார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தண்ணீர் குடிப்பதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை சலாம் காகிதத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்று, “தாழ்ப்பாள்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கே கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இருபத்தெட்டு ஓட்டு அவருக்கு, பதினைந்து மீட்டருக்கு.

திங்கட்கிழமை காலை மஞ்சள் டேப்பை உரித்துச் சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஃபிலிம் ஒரு நூல்கூடச் சுருளவில்லை. மச்சினன் பெருமையில் பூரித்துப்போனான். “பின்னாடி ரெண்டும், இடது பக்கமும் அப்படியே இருக்கட்டும்டா. சவாரிக்கு வர்றவங்க நிம்மதியா தூங்கட்டும்” என்றார் சலாம். “என் பக்கம் மட்டும் உரிச்சுடு.” மச்சினனின் முகம் விழுந்துவிட்டது. வலது கைக்கு மனைவி ஒரு முழுநீளத் துணிக்கையுறை வாங்கி வைத்திருக்கிறாள், பால் காபி நிறத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டாண்டு பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரி வருகிறார். பதினொரு மணிக்கு மச்சினன் கடையில் வலது முன் கண்ணாடியின் ஃபிலிமை உரிக்கிறார்கள்.