ரிப்பேர் ஆயிடுச்சு

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையில் வேலை பார்ப்பவளுக்குப் பாதிக் கண் காதில் இருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் இதய மருத்துவரின் மாடியில் முப்பது வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுதான். அப்படிக் காத்திருந்த உங்களுக்குத்தான் இதெல்லாம் சொல்கிறேன்.

டக், டக்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்ட சத்தம் அது. அறைக்கு வெளியே சன்னமாக டக், டக். சுவர்க் கடிகாரம் நின்று பல நாளாயிற்றே என்று எட்டிப் பார்த்தேன். பட்டுக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சத்தம் அவர் மார்புக்குள்ளிருந்து; இதயத்தில் கசிந்த வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

"தொந்தரவா இருக்குதா?" என்றேன்.

"எனக்கு இன்னாமா தொந்தரவு? நான் தூங்கறனா, போய்ச் சேந்துட்டனான்னு என் சம்சாரம் எழுப்பிப் பாக்க வேணாம். காதைக் குடுத்தாப் போதும்."

அறுந்த இழை

கலா தறிக்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம். மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று தடவை நின்றாள். கருவியை மார்பில் வைத்ததும், மழைக்கு முன் புளியமரத்தில் புகும் காற்றுபோல ஒரு சத்தம். வால்வைப் பிடித்து நிறுத்தும் நூல் போன்ற இழைகளில் இரண்டு அறுந்து, ரத்தம் பின்னுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குக் குழந்தை வேண்டும். உலோக வால்வு வைத்தால் மாத்திரை. அந்த மாத்திரையோடு கர்ப்பம் ஆபத்து. சொந்த வால்வையே தைத்துச் சரிசெய்ய முடிந்தால் அந்த மாத்திரையோடு காலம் தள்ள வேண்டாம். எது முடியும் என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

கலாவின் மாமியார் முணுமுணுத்தாள். என்னை அவள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். மறுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். "தைக்கறது எதுக்கு டாக்டரம்மா? புச்சாவே வச்சுட்டா கெட்டியா இருக்குமில்ல?"

மூச்சு வாங்கிக்கொண்டே கலா சொன்னாள்: "ரெண்டு இழை அறுந்துச்சுன்னா நீ தறியில இருக்கற பாவு நூலையே வெட்டிப் போடுவியா அத்தே? முடிச்சுப் போட்டு நெய்யமாட்டே?"

நல்ல சேதி

அறுவை சிகிச்சை சென்னையில். கலாவின் கணவன் முருகன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்தான். மாமியார் இங்கே, தறியில் பாதிச் சேலையோடு. மதியம் தலைமுடி அவிழ, அழுதுகொண்டே எங்கள் படியேறி வந்தாள்.

"ரிப்பேர் ஆயிடுச்சாம் டாக்டரம்மா! முருகன் போன் பண்ணான். வால்வு ரிப்பேர் ஆயிடுச்சாம்!"

நானும் ஒரு கணம் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மிக்ஸி ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் என்றால் நம் ஊரில் கெட்டுப்போனது என்றுதானே பொருள்? கல்லூரியில் படித்த ஆங்கிலம் பிறகுதான் கைகொடுத்தது: சரிசெய்தாயிற்று என்றும் பொருள். சென்னைக்குப் போன் போட்டேன். தியேட்டர் நர்ஸ் நிதானமாகச் சொன்னாள்: அறுந்த இழைக்குப் பதில் புது இழை கட்டி, சுற்றிலும் ஒரு வளையம் வைத்துத் தைத்தாயிற்று, உலோக வால்வு தேவைப்படவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுகையை அப்படியே நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கோபமாக என்னைப் பார்த்தாள்.

"அப்ப நல்லாயிடுச்சுன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

மிச்சக் காற்று

தைத்ததெல்லாம் நிலைப்பதில்லை. சில வருஷத்தில் தையல் தளர்ந்து, மறுபடி தியேட்டருக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கலா வரும்போதெல்லாம், கருவியை அவள் மார்பில் வைப்பதற்கு முன் என் கை ஒரு நொடி நிற்கும். அதை அவள் கவனித்துவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து வந்தபோது அந்தப் புளியமரக் காற்று அடங்கியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஊதல்.

"இன்னும் ஊதிக்கினு இருக்குதாக்கா?"

"கொஞ்சூண்டு. பயமில்லை. டாக்டரும் இனிமே குழந்தை பெத்துக்கலாம்னாரு."

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "இருக்கட்டும்கா. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்குல கொஞ்சம் காத்து வரத்தான செய்யும்."

பழுதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஒன்றும் கண்டுபிடிக்காத நாட்களில்தான் வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

கலாவின் மகள் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.