டயாலிசிஸ் வார்டில் மயிலைக் காளை

படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைக் கைத்தாங்கலாக எடை பார்க்கக் கூட்டிப்போவது, கேட்டால் போர்வையை இழுத்துவிடுவது, இவைதான் மகாலட்சுமிக்கு அந்த டயாலிசிஸ் வார்டில் வேலை. டிவியைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊசி குத்திய கையை அசைக்காமல், மின்விசிறியையே வெறித்தபடி மணிக்கணக்கில் கிடப்பவர்களைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வார்டு டிவிக்குக் கேபிள் இல்லை. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் சும்மா கிடந்த டிவிடி பிளேயரைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

அதில் பென்டிரைவும் போடலாம். நோயாளிகள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். சிலது ஓடும். செல்போனில் எடுத்தது மட்டும் ஓடவே ஓடாது. பாலக்கரையில் ஸெராக்ஸ் கடை வைத்திருந்த அவள் சிநேகிதி ஷாஜியாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். வீடியோவைச் சின்னதாக்கச் செல்போன் சுருக்குகிற விதம் புதுசு, அந்தப் பழைய பிளேயருக்கு அது புரியாது, அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தால் ஓடும் என்றாள். அதற்குப் பிறகு மகாலட்சுமி வேலை முடிந்ததும் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தானே மாற்றக் கற்றுக்கொண்டாள்.

அந்தத் தை மாதம் சூரியூர் தங்கையன் ஒரு பென்டிரைவோடு வந்தார். கன்றிலிருந்து வளர்த்த மயிலைக் காளையை ஜல்லிக்கட்டில் அவிழ்த்துவிடும் நாளில் அவர் இங்கே படுக்கையில் இருந்தார். தம்பிதான் காளையைக் கொண்டுபோனார், செல்போனில் படமும் எடுத்தார்.

மகாலட்சுமி மாற்றிக் கொண்டுவந்து போட்டாள். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் டிவி அகலத்துக்கு இழுபட்டு, காளை முதலை மாதிரி தரையோடு தரையாக ஓடியது. வார்டே சிரித்தது. தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது என் மாடே இல்ல மகாலட்சுமி. அதுக்குத் திமிலு நல்லா எடுப்பாத் தெரியணும்" என்றார்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று சாயங்காலமே ஷாஜியாவிடம் போய் நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து, படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு உயரத்தைச் சரிசெய்தார்கள்.

அடுத்த முறை தங்கையன் வந்தபோது காளை காளையாகவே வந்தது. காளைகளை அவிழ்த்துவிடும் திட்டி வாசலில் ஒரு கணம் நின்று தலையைச் சிலுப்பியது. திமிலில் தொங்கியவனை ஒரே சுழற்றலில் உதறிவிட்டுப் பாய்ந்தது. தங்கையன் தன்னை மறந்து ஊசி குத்திய கையைத் தூக்கிவிட்டார். இயந்திரம் அலறியது. நர்ஸ் இருதயமேரி ஓடிவந்து கையை இறக்கி, ஊசி நகரவில்லை என்று பார்த்தபின் மகாலட்சுமியை முறைத்தாள்.

"டிவிய முதல்ல நிறுத்துங்க."

மகாலட்சுமி ரிமோட்டை எடுத்தாள். தங்கையன் கெஞ்சவில்லை. கண் நிறைந்திருக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருதயமேரி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரி, போடுங்க. முதல்லேர்ந்து போடுங்க" என்றாள்.

பிடிபடாமல் காளை திடலைத் தாண்டி ஓடும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

கோடை வெயில் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையன் கூப்பிட்டதால் மகாலட்சுமி சூரியூருக்குப் போனாள். அவர் மனைவி வெள்ளையம்மாள் வேர்க்கடலை அவித்துக் கொடுத்தாள். கொட்டகையில் மயிலைக் காளை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"பக்கத்துல வாம்மா, ஒண்ணும் செய்யாது" என்று தங்கையன் அதன் கழுத்தைத் தடவினார்.

மகாலட்சுமி பயந்து பயந்து நெற்றியைத் தொட்டாள். டிவியில் பார்த்ததைவிடக் காளை கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.