கொயர் கீழே இறங்கிய ஞாயிறு

1966 ஜூன் 12, ஞாயிறு. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு திண்டிவனத்தில் மாதா கோயில் பூசைக்குப் போனேன். பாடுகிறவர்களையும் அவர்கள் நிற்கும் பின்மாடத்தையும் நாங்கள் கொயர் என்றே சொல்வோம். பூசையில் திரும்பிப் பார்க்கும் வழக்கமில்லை. அன்றுதான் பங்குச் சாமியார் அவர்களைக் கீழே இறக்கி, பீடத்தருகே எங்களைப் பார்த்து நிற்க வைத்திருந்தார். இத்தனை வருடம் நாங்கள் உருகிக் கேட்ட தனிக்குரல், எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டைக்கடலை பிடுங்க வரும் சேரிப்பெண்ணுடையது. அவள் பாடும்போதே முன்வரிசைக்காரர்கள் எழுந்து வெளியேறினார்கள். என் அண்ணனும் போனார்.

"மேலயே பாடிக்கினு இருந்தா யாரு என்னா சொல்லப்போறாங்க? சாமியார்கிட்ட சொல்லி மறுபடி ஏத்திடுறோம்," என்றார் வாசலில். அந்தக் குரலைக் கேட்டு அழுதவர் அவர்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சாமியாரைப் பார்த்து, அவள் கீழேயே பாடட்டும் என்றேன்.